டயப்பரை விடும் மாதங்கள்: வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டயப்பரை விட்டு டாய்லெட்டுக்கு வர ஒரு குழந்தை நாலு வேலை கற்க வேண்டும். வருகிறது என்று உடம்பு சொல்வதைக் கவனிக்க வேண்டும். போய்ச் சேரும்வரை அடக்க வேண்டும். உட்கார்ந்ததும் இறுக்கிய தசையைத் தளர விட வேண்டும். ஜட்டியைக் கழற்றி மாட்ட வேண்டும். நாலில் மூன்றாவதுதான் கடினம். பெரியவர்கள் அதிகம் கோபப்படுவதும் அங்கேதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒன்றும் போகாமல் எழுந்த குழந்தை, மறு நிமிடமே தரையில் போய்விடும். பார்ப்பவருக்கு அடம் போலத் தெரியும். உண்மையில், பழகாத இடத்தில் உட்கார்ந்தபோது தசை இறுகிக் கிடந்தது; எழுந்து விளையாட்டில் மனம் போனதும் தளர்ந்துவிட்டது. அடக்கவும் விடவும் உடம்புக்குத் தெரிந்துவிட்டது, இடம்தான் இன்னும் பழகவில்லை.

பெரியவர்கள் கற்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதுதான் பெரும்பாலான வீடுகளில் இழுத்தடிக்கிறது: எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. காலையில் ஒருவர் சிரித்துக்கொண்டே தரையைத் துடைக்கிறார். மதியம் பார்த்துக்கொள்பவர் எதற்கு வம்பு என்று டயப்பரை மாட்டிவிடுகிறார். மாலையில் வருபவர் "எத்தனை தடவை சொல்றது?" என்கிறார். ஒரே நாளில் மூன்று சட்டம். எதை நம்புவது என்று குழந்தைக்குத் தெரியாது. அதனால் இங்கே குழந்தைக்குச் சொல்லித்தருவதற்குச் சமமாக, பெரியவர்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கைகொடுப்பது என்பதும் வருகிறது.

ஒரு சொல் விஷயம். குழந்தை உட்காரும் சின்னப் பிளாஸ்டிக் இருக்கையைக் கடையில் ஆங்கிலத்தில் 'பாட்டி சேர்' (potty chair) என்கிறார்கள். தமிழில் எழுதினால் அது பாட்டியின் நாற்காலி ஆகிவிடுகிறது. குழந்தைக்கும் அந்தக் குழப்பம் வரலாம். இங்கே அதை 'குட்டி டாய்லெட்' என்றே சொல்வோம்.

எப்போது தொடங்குவது

பெரும்பாலான குழந்தைகளிடம் தயாராகும் அறிகுறிகள் 18 மாதத்திலிருந்து தலைகாட்டும். பகல் நேரப் பயிற்சி பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரை வயதுக்குள் முடியும். வயதை விட அறிகுறியைப் பாருங்கள். டயப்பர் இரண்டு மணி நேரமாவது காய்ந்திருக்கிறதா? "ஜட்டியை எடு, கூடையில் போடு" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறதா? உட்கார்ந்து தானே எழுந்திருக்கிறதா? ஆய் போக மூலைக்கோ திரைக்குப் பின்னாலோ ஒதுங்குகிறதா? இந்தக் கடைசி அறிகுறியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒதுங்கும் குழந்தைக்கு வருவது முன்கூட்டியே தெரிகிறது என்று பொருள்.

காய்ந்திருக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மூன்று நாள் தொடர்ந்து, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை டயப்பரைத் தொட்டுப் பாருங்கள். ஈரமா, காய்ந்ததா, ஆய் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறியுங்கள். இரண்டு வயதில் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 90 முதல் 120 மில்லி வரை பிடிக்கும். அதாவது அரை டம்ளர். ஒவ்வொரு மணி நேரமும் ஈரமாக இருந்தால் சிறுநீர்ப்பை இன்னும் நிரம்பிக் காலியாகப் பழகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம். அந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம், பிறகும் வேண்டியிருக்கும்.

முன்னதாகத் தொடங்கினால் முன்னதாக முடியும் என்று தோன்றும். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் டாய்லெட்டுக்கு அழைப்பதைத் தீவிரப் பயிற்சி என்று கணக்கிட்டது. 27 மாதத்துக்கு முன் அப்படித் தொடங்கிய குழந்தைகள் சீக்கிரம் முடித்துவிடவில்லை. பயிற்சிக் காலம்தான் நீண்டது. ஒரு வயதுக் குழந்தையை நேரம் பார்த்து உட்காரவைத்துப் பிடித்துவிட முடியும்தான். ஆனால் அங்கே கற்றுக்கொண்டவர் பெரியவர்.

தம்பி தங்கை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதும், பிறந்த கையோடும், வீடு மாறும்போதும், குழந்தைக்கு மலச்சிக்கல் இருக்கும்போதும் தொடங்க வேண்டாம். மலச்சிக்கலை முதலில் சரிசெய்யுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுங்கள்

குழந்தை தூங்கிய பிறகு அரை மணி நேரம் போதும். அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, வேலைக்கு வருபவர் என்று குழந்தையைத் தினமும் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் இருக்க வேண்டும். வர முடியாதவருக்கு முடிவுகளை எழுதிக் கொடுங்கள்.

முதல் முடிவு, சொல். உச்சா, சூச்சூ, மூச்சா, ஒண்ணுக்கு, ஆய், கக்கா என்று ஆளுக்கு ஒன்று சொன்னால் இரண்டு வயதுக்குத் தலைசுற்றும். சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று என்று இரண்டே சொற்களைத் தேர்ந்தெடுங்கள். வெளியாட்களுக்கும் புரிகிற சொல்லாக இருந்தால் நல்லது. காப்பகத்தில் குழந்தை நாலு தடவை சொல்லியும் யாருக்கும் புரியாமல் நனைந்துபோவது உண்டு. "சீ", "நாத்தம்" போன்றவை பட்டியலிலேயே வேண்டாம். தன் உடம்பிலிருந்து வருவது அசிங்கம் என்று பழகிய குழந்தை அதை மறைக்கப் பார்க்கும். மறைப்பதற்கு அதற்குத் தெரிந்த ஒரே வழி அடக்குவதுதான்.

இரண்டாவது, நனைத்துவிட்டால் என்ன சொல்வது. வாக்கியத்தையே எழுதி வையுங்கள்: "ஈரமாயிடுச்சு. உச்சா இங்கே போகணும். வா, மாத்திக்கலாம்." மூன்றே துண்டு, யார் சொன்னாலும் இதே. அன்றைக்கு ஐந்தாவது தடவை தரையைத் துடைக்கும்போது புதிதாக வாக்கியம் யோசித்தால் வாயில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே எழுதுவது.

மூன்றாவது, டயப்பர் எப்போது மட்டும். பகல் தூக்கத்துக்கும் இரவுக்கும் என்று முடிவானால் அந்த இரண்டுக்கு மட்டுமே. விருந்தாளி வருகிறார், வெளியே கிளம்புகிறோம், இன்றைக்கு முடியவில்லை என்று இடையில் மாட்டினால், எப்போது அடக்க வேண்டும், எப்போது வேண்டாம் என்பது குழந்தைக்குப் புரியாது. இழுத்து மாட்டும் பேன்ட் டயப்பரும் டயப்பர்தான். உறிஞ்சிவிடுவதால் நனைந்தது உறைக்காது. பகலில் துணி ஜட்டியே சரி.

நான்காவது, பரிசு. ஸ்டிக்கர் ஒட்டலாம், கைதட்டலாம். ஆனால் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள், போனதற்கு அல்ல. உட்காருவது குழந்தையின் கையில் இருக்கிறது, போவது எப்போதும் அப்படியில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் வீடே கூடிக் கொண்டாடினால் சில குழந்தைகள் மிரண்டுவிடும். வேறு சில, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டு விட்டுப் பரிசு கேட்கும்.

பழைய வழக்கப்படி ஒன்பது மாதத்திலேயே பழக்கினோம் என்று வீட்டில் ஒரு குரல் எழும். அவரோடு வாதாடி ஜெயிக்க வேண்டாம், ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். காலை எழுந்ததும் உட்காரவைப்பது அவர் பொறுப்பு. சாதாரணமாக அது தவறாமல் பலிக்கும் நேரம்.

சாமான்கள்

குட்டி டாய்லெட் ஒன்று. தரையில் அசையாமல் நிற்க வேண்டும், குழந்தையின் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். பாட்டு பாடும், விளக்கெரியும் வகைகள் தேவையில்லை. அதைப் பொம்மை என்று நினைத்துக்கொள்ளும். மாடி வீடானால் கீழே ஒன்று மேலே ஒன்று வைத்தால் பாதி விபத்து குறையும். பெரிய டாய்லெட்டில்தான் பழக்குவோம் என்றால் மேலே பொருத்தும் சின்ன வளையமும், காலூன்ற ஸ்டூலும் இரண்டுமே கட்டாயம். கால் தொங்கினால் தளர வேண்டிய தசை இறுகும். தொங்கும் காலோடு ஆய் போவது பெரியவர்களுக்கே சிரமம்.

ஜட்டி எட்டு முதல் பத்து. இடுப்பில் எலாஸ்டிக் மட்டும் வைத்த கால்சட்டை ஆறு. பட்டன், ஜிப், நாடா, தோள்பட்டை வைத்த உடைகளைச் சில மாதம் பரணில் ஏற்றிவிடுங்கள். துடைக்கப் பழைய துணி பத்து, தண்ணீர் புகாத விரிப்பு இரண்டு, மூடி வைத்த பக்கெட் ஒன்று. மூடி முக்கியம். ஊறவைத்த துணி கிடக்கும் பக்கெட் எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு ஆபத்து. இந்த வயதுக் குழந்தை மூழ்க ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும்.

முதல் வாரம்

யாராவது ஒருவர் முழுநேரம் வீட்டில் இருக்கும் மூன்று நாளைத் தேர்ந்தெடுங்கள். இருவர் இருந்தால் முறைவைத்துக்கொள்ளலாம். முதல் நாள் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமலோ, தொளதொளவென்ற கால்சட்டை மட்டுமோ. இறுக்கமான ஜட்டி இடுப்பைச் சுற்றி டயப்பர் போலவே பிடித்துக்கொள்வதால் சில குழந்தைகள் பழக்க தோஷத்தில் விட்டுவிடும். இரண்டு மூன்று நாளில் ஜட்டிக்கு மாறலாம்.

அழைக்க வேண்டிய நேரங்கள்: எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு 20 முதல் 30 நிமிடத்தில், குளிக்கும் முன், வெளியே கிளம்பும் முன், தூங்கப் போகும் முன். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் தானாகவே அசையத் தொடங்கும். சாப்பிட்ட பிறகு உட்காரவைப்பதன் காரணம் அதுதான். இவற்றுக்கு நடுவில் ஒன்றரை இரண்டு மணி நேர இடைவெளி விழுந்தால் ஒருமுறை சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கூப்பிட்டால் அன்றைக்குத் தரை காய்ந்திருக்கும். ஆனால் சிறுநீர்ப்பை நிரம்பும் உணர்வு குழந்தைக்குத் தெரியவே தெரியாது. மூன்றாம் நாள் 'மாட்டேன்' தொடங்கும்.

"உச்சா வருதா?" என்று கேட்காதீர்கள். விளையாடும் குழந்தையின் பதில் எப்போதும் "இல்லை". "உச்சா போற நேரம், வா" என்று சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் "கார் முதல்ல வரட்டுமா, நீ முதல்ல வர்றியா?" என்று இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள். தூக்கிக்கொண்டு போய் அழுத்தி உட்காரவைத்தால், தளர வேண்டிய தசையை நீங்களே இறுக்குகிறீர்கள்.

உட்காரும் நேரம் மூன்று நிமிடம், அதிகபட்சம் ஐந்து. முழங்கால் இடுப்பை விடச் சற்று உயரமாக, கால் அகட்டி, உடம்பு லேசாக முன்னால் சாய்ந்து, முழங்கை தொடைமேல். இப்படி உட்காரும்போது மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகிறது. ஆய் வருகிறபோது சோப்புக் குமிழ் ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு மெல்ல அழுத்தும், கீழே இறுகாது. போனில் வீடியோ காட்டினால் அரை மணி நேரம்கூட உட்காரும், எதற்கு உட்கார்ந்தோம் என்பதை மறந்துவிட்டு.

ஆண் குழந்தைகளுக்கும் முதலில் உட்கார்ந்துதான். உச்சாவோடு ஆயும் வரும் வயது. குறியைக் கீழ்நோக்கிப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், இல்லையென்றால் எதிர்ச் சுவர் நனையும். நின்று போவது, ஆய் விஷயம் முழுசாகச் சரியான பிறகு. பெண் குழந்தைகளுக்குத் துடைப்பதானாலும் கழுவுவதானாலும் முன்னிருந்து பின்னாக மட்டுமே. பின்னிருந்து முன்னால் கை வந்தால் மலக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். நாலைந்து வயதுவரை ஆய் கழுவிவிடுவது பெரியவர் வேலைதான். கடைசியில் சோப்புப் போட்டு 20 வினாடி கைகழுவல், குழந்தைக்கும் உங்களுக்கும்.

நனைத்த பிறகு, நனைப்பதற்கு முன்

எழுதி வைத்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். குட்டி டாய்லெட் வரைக்கும் அழைத்துப் போய் ஒரு நொடி உட்காரவையுங்கள், மீதி இருந்தால் அங்கே போகட்டும். ஈரத் துணியைப் பக்கெட்டில் போடும் வேலை குழந்தைக்கு. அதைத் தண்டனைக் குரலில் சொல்லக்கூடாது. தரையை நீங்கள் துடையுங்கள்.

மெத்தையோ கம்பளமோ நனைந்தால் தேய்க்காமல் காய்ந்த துணியால் அழுத்தி ஒற்றுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, மறுபடி ஒற்றி, காய்ந்ததும் சமையல் சோடா தூவி ஓர் இரவு விட்டுத் தட்டியெடுங்கள். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் மேல் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சைத் தாக்கும் வாயு வரும். வினிகரோடு சேர்ந்தாலும் அப்படியே.

எல்லா விபத்தும் ஒன்றல்ல. தாளில் மணியைப் பாருங்கள். ஒரே நேரத்தில் தினமும் நடந்தால் அழைக்கும் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினால் போதும். விளையாட்டின் உச்சத்தில் நடந்தால், ஆட்டத்தை நிறுத்தினால் பொம்மையை யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கலாம். "நான் காவல் இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். வாசல்வரை வந்து நனைத்தால் உடை கழற்றுவதில் சிக்கல். போய்விட்டு வந்த பத்து நிமிடத்தில் மறுபடி நனைத்தால் அவசரமாக எழுந்திருக்கிறது, முழுசாகக் காலியாகவில்லை. ஒரு பாட்டு முடியும்வரை உட்காரட்டும். நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஜட்டி ஈரமானால் பெரும்பாலும் மலச்சிக்கல்.

தண்ணீரைக் குறைத்தால் விபத்து குறையும் என்பது பொதுவான யோசனை, தவறான யோசனை. அடர்ந்த சிறுநீர் எரியும், சிறுநீர்ப்பையை உறுத்தும். மலமும் இறுகும். இந்த வயதுக்குத் தண்ணீர், பால் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய நாலு கப் வேண்டும், வெயில் காலத்தில் கூடவே.

ஆய்: பெரும்பாலான வீடுகள் மாட்டிக்கொள்ளும் இடம்

பல வீடுகளில் உச்சா சீக்கிரம் பழகிவிடும், ஆய் மட்டும் மாதக்கணக்கில் இழுக்கும். காரணம் ஒரு சுழல். ஒரு நாள் கெட்டியாகப் போய் வலிக்கிறது. வலித்ததால் அடுத்த தடவை அடக்குகிறது. அடக்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இன்னும் கெட்டியாகிறது. அடுத்தது இன்னும் வலிக்கிறது. வாரங்கள் போகப் போக மலக்குடல் விரிந்து, நிரம்பிய உணர்வே மங்கிவிடும். அதன் பிறகு கட்டியைச் சுற்றி இளகிய மலம் தானாகக் கசிந்து ஜட்டியில் கறைபடும். வீட்டில் பேதி என்று நினைத்துப் பேதிக்கான வைத்தியம் பார்ப்பார்கள், நிலைமை மோசமாகும். விரிந்த மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் உச்சா விபத்தும் திரும்பி வரும்.

அடக்கும் குழந்தை முக்குவது போலவே தெரியும். கால்களைப் பின்னிக்கொள்ளும், நுனிக்காலில் நிற்கும், பிட்டத்தை இறுக்கும், முகம் சிவக்கும். வெளியே தள்ளுகிறது என்று தோன்றும், உள்ளே பிடிக்கிறது. இந்தக் காட்சி தினமும் தெரிந்தால் பயிற்சியை நிறுத்துங்கள்.

மலம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உருவான அட்டவணை எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும். அதில் 7 வகை. 1 என்பது கொட்டை கொட்டையாக, 7 என்பது தண்ணீராக. நடுவில் 4, வழவழப்பாக, வாழைப்பழம் போல. பயிற்சிக் காலத்தில் 4, 5 வருகிறதா பாருங்கள். 1, 2 என்று தொடர்ந்தால் நார்ச்சத்தும் தண்ணீரும் கூட்டுங்கள். பால் அதிகம் குடித்தால் நாளுக்கு அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள். ஒரு வாரத்தில் மாறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மலத்தை இளக்கும் மருந்து கொடுத்தால் அவர் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம். மலம் இளகிய மறுநாளே நிறுத்துவதுதான் சுழல் திரும்பி வர முதல் காரணம். விரிந்த குடல் சுருங்க மாதங்கள் ஆகும்.

மலம் இளகலாகவே இருக்கிறது, ஆனால் டயப்பர் மாட்டினால்தான் ஆய் போவேன் என்கிறதா? கொடுங்கள். அடக்குவதை விட டயப்பர் மேல். பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் நாலைந்து நாள்:

1. டயப்பரோடு, ஆனால் டாய்லெட் அறைக்குள் நின்று.
2. டயப்பரோடு, மூடிய டாய்லெட் மேல் உட்கார்ந்து.
3. டயப்பரோடு, திறந்த குட்டி டாய்லெட்டில் உட்கார்ந்து.
4. அடியில் ஓட்டை வெட்டிய டயப்பரோடு. முதல் நாள் சின்ன ஓட்டை, பிறகு பெரிதாக.
5. டயப்பரைக் குட்டி டாய்லெட்டின் கிண்ணத்துக்குள் விரித்துவைத்து, அதன்மேல் உட்கார்ந்து.

ஒரு படியில் அழுதால் முந்தைய படிக்குத் திரும்பலாம், நஷ்டமில்லை. இந்த ஐந்து படியும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மூன்றாம் படியில் இருக்கும்போது இன்னொருவர் "இனிமே டயப்பரே கிடையாது" என்று சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃப்ளஷ் சத்தம் பயமுறுத்தினால் குழந்தை வெளியே போன பிறகு இழுங்கள். பொதுக் கழிப்பறையில் தானாக ஃப்ளஷ் ஆகும் சென்சார் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டால் உட்கார்ந்திருக்கும்போது இரையாது.

முறைவைத்துக்கொள்வதும் மூச்சுவிடுவதும்

ஒருவரே முழுநாளும் பார்த்தால் மாலைக்குள் பொறுமை வடிந்துவிடும். இருவர் இருந்தால் நாளை இரண்டாகப் பிரியுங்கள். கைமாறும்போது மூன்று தகவல்: கடைசியாக உச்சா எப்போது, இன்று ஆய் ஆயிற்றா, எப்படி இருந்தது. தாளில் மணி, எது, எங்கே, எப்படி என்று நாலு கட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினால் கேட்கவே வேண்டாம். "ஏன் கூட்டிட்டுப் போகலை?" என்ற கேள்வியும் பாதி குறையும்.

குரல் உயர்வதைக் கேட்டால் மற்றவர் நுழைய ஒரு ஜாடைச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். "தண்ணி குடிச்சிட்டு வா" போதும். கேட்டவர் பதில் பேசாமல் நகர வேண்டும், சொன்னவர் பிறகு அதைக் குற்றச்சாட்டாக எடுக்கக் கூடாது. குழந்தையின் முன்னால் ஒருவரை ஒருவர் திருத்த வேண்டாம். தவறாகவே செய்தாலும் இரவில் பேசலாம். தனியாக வளர்ப்பவர் தொடக்க மூன்று நாளில் தினமும் இரண்டு மணி நேரம் நம்பகமான ஒருவரை வரச் சொல்லுங்கள். வந்தவருக்குத் துணி துவைக்கும் வேலை வேண்டாம், குழந்தையோடு இருக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

மற்ற பெற்றோரிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "என் பிள்ளை போகவே மாட்டேங்குது" என்று கேட்டால் பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள். வயது, தொடங்கி எத்தனை நாள், உச்சாவா ஆயா, மலம் கெட்டியா இளகலா, எந்த நேரத்தில் விபத்து, இதுவரை எதை முயன்றீர்கள் என்று ஆறு தகவலோடு கேட்டால் உருப்படியான பதில் வரும். பதில் சொல்பவரும் இவற்றைக் கேட்காமல் சொல்லத் தொடங்க வேண்டாம். "எங்க வீட்டில் மூணே நாள்" என்பது உண்மையாகவே இருக்கலாம், கேட்டவருக்கு அதனால் பயனில்லை. அடி, அவமானம், ஈரத்தோடு விட்டுவிடுவது, தண்ணீரை நிறுத்துவது, சோப்புத் துண்டை ஆசனவாயில் வைப்பது ஆகியவை யார் சொன்னாலும் தள்ளுபடி. சோப்பு உள்சவ்வைப் புண்ணாக்கும், அடுத்த தடவை வலி உறுதி.

இன்னொருவர் வீட்டுக்குப் போனால் நுழைந்ததும் டாய்லெட் எங்கே என்று குழந்தைக்குக் காட்டுங்கள். வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சோபாவில் உங்கள் விரிப்பைப் போடுங்கள். உங்கள் வீட்டில் வேறொருவர் குழந்தை நனைத்துவிட்டால், அந்த அம்மாவோ அப்பாவோ துணி தேடி எழுவதற்குள் நீங்கள் துணியோடு போய்விடுங்கள். அதைவிடப் பெரிய ஆறுதல் வார்த்தை இல்லை. வெளியே போகும் பையில் இரண்டு முழுச் செட் உடை, ஒரு ஜோடி செருப்பு (கால்வழியாக இறங்குவது செருப்பில்தான் முடியும்), ஈரத்துணிக்கு இறுக்கமான பை, துடைக்கும் துணி, தண்ணீர். மூடிபோட்ட, மடக்கக்கூடிய குட்டி டாய்லெட் இருந்தால் வழியில் எங்கேயும் நிறுத்தலாம்.

காப்பகம் போகும் குழந்தையானால் அங்குள்ளவரிடம் உங்கள் இரண்டு சொற்களையும் அழைக்கும் நேரங்களையும் எழுதிக் கொடுங்கள். அவர்களின் வழக்கம் என்ன என்றும் கேளுங்கள். பத்துக் குழந்தைகளை வரிசையாக உட்காரவைக்கும் இடத்தில் உங்கள் முறை அப்படியே நடக்காது. வீட்டு நேரத்தை அவர்கள் நேரத்தோடு ஒட்டவைப்பதுதான் எளிது.

பின்வாங்கினால்

நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை தம்பி பிறந்ததும், காய்ச்சலுக்குப் பிறகும், புதுப் பள்ளியிலும் மறுபடி நனைப்பது சகஜம். இரண்டு வாரத்துக்குப் பழைய அட்டவணைக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். தொடங்கி இரண்டு வாரமாகியும் தினமும் சண்டை, அழுகை என்றால் டயப்பருக்குத் திரும்பி ஒன்றிரண்டு மாதம் விடுங்கள். "உன் உடம்பு இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால் போதும், தோற்றுப்போன முகத்தோடு வேண்டாம். நிறுத்துவது என்ற முடிவையும் எல்லோரும் சேர்ந்தே எடுங்கள்.

இரவு தனிக் கணக்கு

இரவில் காய்ந்திருப்பதைப் பயிற்சியால் கொண்டுவர முடியாது. சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் தூக்கத்தில் போதுமான அளவு சுரக்க வேண்டும், நிரம்பியதும் மூளை எழுப்ப வேண்டும். இரண்டும் வளர்ச்சியோடு தானாக வருபவை, பரம்பரையும் சேர்ந்தது. ஐந்து வயதிலும் ஏறக்குறைய ஆறேழு குழந்தைகளில் ஒன்று இரவில் நனைக்கிறது. அதற்கு முன் அதை மருத்துவர்கள் பிரச்சினையாகவே எண்ணுவதில்லை. தொடர்ந்து ஏழெட்டுக் காலை டயப்பர் காய்ந்திருந்தால் இரவு டயப்பரை எடுத்துப் பார்க்கலாம். படுக்கையை இரண்டு அடுக்காகப் போடுங்கள்: தண்ணீர் புகாத விரிப்பு, மேலே படுக்கை விரிப்பு, அதன்மேல் மறுபடி இரண்டும். நடுஇரவில் மேல் அடுக்கை உருவி எடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம். எழுந்திருப்பவர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறட்டும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

உச்சா போகும்போது வலி, எரிச்சல், ரத்தம், காய்ச்சல், எப்போதும் சொட்டிக்கொண்டே இருப்பது, சிறுநீர் மெல்லிய நூலாக வருவது, ஓயாத தாகமும் அடிக்கடி ஏராளமாகச் சிறுநீரும், மலத்தில் ரத்தம், இரவில் ஆசனவாய் அரிப்பு, நடையில் மாற்றம், கால் பலவீனம், ஆறு மாதம் காய்ந்திருந்த பிறகு காரணமில்லாமல் மறுபடி நனைப்பது, நாலு வயதாகியும் பகலில் முன்னேற்றமே இல்லாதது. இவற்றில் அதிகத் தாகமும் அதிகச் சிறுநீரும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே போக வேண்டும், சர்க்கரை நோயாக இருக்கலாம். போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அந்தத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கப்போகும் முதல் நாலு கேள்விக்கும் விடை அதில் இருக்கிறது.